குழிக் கருவாடும் நான் எழுதிய ஒரு வரியும்

1974 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை.

காலாண்டு லீவு விட்ட மறுநாளே ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன். நான் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் நட்சத்திர மீன் என்று ஒரு பாட்டில் இருக்கிறது. ஐந்து கையில் மூன்று கை கரைந்து வருஷக்கணக்கு ஆகிறது. புதிது வாங்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டால், "போர்டுல படம் வரைஞ்சு காட்டுமேன்" என்பார். படம் வரைந்து வரைந்து எனக்கு அலுத்துப்போயிற்று. அந்தக் கடுப்பில்தான் இரண்டு ஃபார்மலின் பாட்டில்களைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு, சொந்தச் செலவில் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் புறப்பட்டேன்.

அம்பாசமுத்திரத்தில் காலை 5.45க்குப் பஸ். திருநெல்வேலி வரை ஒன்றரை ரூபாய். அங்கே மாறினால் தூத்துக்குடிக்கு ஐம்பது கிலோமீட்டர், இரண்டு ரூபாய் பத்துக் காசு. எங்கள் பக்கம் கார் நெல் அறுப்பு முடிந்து வயலில் வைக்கோல் கிடந்தது. தூத்துக்குடிக்கு முன்னால் வருகிற சின்னப் புதுக்கோட்டை தாண்டியதும் வயல் நின்றுபோய் முள் உடைமரமும், அதற்கப்புறம் உப்பளமும் வந்தன. தூத்துக்குடியில் இறங்கும்போது மணி ஒன்பதரை. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. முப்பது காசுக்கு ஒரு காபி குடித்துவிட்டு, பத்தேகாலுக்கு வடக்கே போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். தருவைகுளம் பதினேழு கிலோமீட்டர். டிக்கெட் எழுபது காசு.

கண்டக்டர் என் பாட்டில்களைப் பார்த்தார். "தருவைகுளத்துக்கா போறிய? மூக்க வீட்டுலயே கழத்தி வச்சிட்டு வந்திருக்கலாம்லா சார்" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காலை 11 மணி. நான் தங்கவேண்டிய இடம் பொன்னையா அண்ணாச்சியின் கருவாட்டுக் கொட்டகை. எங்கள் ஊர் அரிசிக்கடைக்காரர் அவருக்கு உறவு. அவர் கொடுத்த கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது; விலங்கியல் வாத்தியார் வருகிறார் என்று முன்பே எழுதியும் போட்டிருந்தார். கடற்கரையோரம் பனையோலைக் கூரை. முன்னால் கம்பி வேலி. உள்ளே மணலில் பாய் விரித்து நெத்திலியும் சாளையும் காய்ந்தன. மேலே காகங்கள் சுற்ற, இரண்டு கிழவர்கள் கம்போடு விரட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால், உடைமரக் காட்டை ஒட்டி, ஒன்றுமே இல்லாத வெறும் மணல்திட்டு. அந்த வெறும் திட்டுக்குள்ளேதான் சரக்கு இருந்தது.

இந்தப் பக்கத்தில் குழிக் கருவாடு என்று ஒன்று செய்கிறார்கள். பாரை, கட்டா மாதிரி மீனைக் கீறி உப்புத் தேய்த்து, பனையோலைப் பாயில் சுருட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, மேலே மணலைத் தள்ளிச் சமப்படுத்திவிடுவார்கள். மூன்றாம் நாள் எடுத்தால் மீன் மெத்தென்று பதமாகி இருக்கும். கொழும்பு போய் வந்தவர்கள் இதற்கு உயிரை விடுவார்கள். குழி இருக்கும் இடத்துக்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு ஓலைக் கீற்றுக் குத்தியிருக்கும், அவ்வளவுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏலம் போடுகிற மேட்டில் ஐம்பது அறுபது பேர் கூடி நின்றார்கள். நடுவில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெயர் மிக்கேலம்மா. கொட்டகைக்கு ராத்திரிக் காவல் அவள்தான், ஆறு வருஷமாக. அவள் எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தவர்தான் எனக்குச் சோறு போடப்போகிற பொன்னையா அண்ணாச்சி.

"மூணு குழி ளா, மூணு குழி! ஒவ்வொண்ணுலயும் நாலு அஞ்சு மீனு கொறையுது. பாய் பாய் மாதிரியே கெடக்கு, மீன மட்டும் காணல. பொதச்ச எடம் ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நானா திங்கேன்? திருடி!"

"உடும்பு அண்ணாச்சி. உடைமரக் காட்டுல இருந்து வருது. நான் எத்தன தடவ சொல்லியாச்சு."

"மண்ணுக்குள்ள கெடக்க மீனு உடும்புக்கு எப்படி ளா தெரியும்? ஞானதிருஷ்டியா?"

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சி கையை உயர்த்தித் தீர்ப்பு மாதிரி ஒன்றைச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில், மாதா சுரூபத்தின் முன்னால், எடுக்கவில்லை என்று மிக்கேலம்மா சத்தியம் செய்யவேண்டும். அந்த ஊரில் சத்தியம் செய்தவரை அப்புறம் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். செய்ய மறுத்தால் ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம். ஒரு கொட்டகையிலும் வேலை கிடையாது.

"எடுக்காத மீனுக்கு மாதாவ எதுக்குச் சாட்சிக்கு இழுக்கணும்?" என்றாள் மிக்கேலம்மா. "நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

அண்ணாச்சி விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு புத்தகம். அவர் மகள் தூத்துக்குடியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாளாம். அவளுடைய விலங்கியல் வினா-விடை. அட்டையைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. 'அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் எழுதியது' என்று அட்டையில் போட்டிருக்கும். அந்த ஒருவர் நான்தான்.

அண்ணாச்சி சத்தமாக வாசித்தார்: "'பறவைகளும் பல்லியினங்களும் கண்ணால் மட்டுமே இரை தேடுகின்றன. அவற்றுக்கு மோப்ப உணர்வு கிடையாது.' கேட்டியளா? படிச்சவன் எழுதியிருக்கான். இந்தா, சாரே வந்திருக்காவ. வெலங்கியல் வாத்தியாரு. சார், நீங்களே சொல்லுங்க. இது சரிதான?"

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். மிக்கேலம்மாவும் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கு" என்றேன். நான் எழுதியது என்று சொல்லவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அந்த வாயை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மத்தியானம் அண்ணாச்சி வீட்டுச் சாப்பாட்டில் விளைமீன் குழம்பு வைத்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடினேன்.

செப்டம்பர் 28, சனிக்கிழமை.

விடிகிற நேரத்தில் வள்ளத்தில் ஏறினேன். மாதிரி சேகரிக்க என்று முன்பே பேசிவைத்த வள்ளம் அது. ஏறிய பிறகுதான் தெரிந்தது, வள்ளக்காரர் ஸ்தேவான் மிக்கேலம்மாவின் கணவர் என்று. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைப் பிடித்து ஏற்றிவிட்டார், பாட்டில்கள் உடையாமல் சாக்கின் மேல் வைத்தார். திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

கரையிலிருந்து கச்சான் என்கிற மேல்காற்று கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. ஆறரை மணிவாக்கில் வலையில் ஒரு சின்னச் சுறா ஏறியது. வள்ளத்துப் பலகைக்குப் பூச ஈரல் எண்ணெய் வேண்டும் என்று ஸ்தேவான் அங்கேயே அதைக் கீறி ஈரலை எடுத்துக்கொண்டு, நசுங்கிய துண்டுகளைத் தண்ணீரில் வீசினார். கடலில் அதுவரை ஒரு பறவை இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன், நாலா பக்கமும் வெறிச்சென்றுதான் கிடந்தது.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கிழக்கே, காற்று போகிற திசையில், தண்ணீரை ஒட்டிக் கறுப்பாக ஏதோ அசைந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பறவை, இடுப்பில் வெள்ளை. நேராக வரவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து வந்தது. பின்னால் இன்னொன்று, அப்புறம் ஏழெட்டு. காற்று வருகிற மேற்கிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. வந்தவை தண்ணீரின் மேல் காலால் தட்டித் தட்டி எண்ணெய்த் துணுக்குகளைக் கொத்தின.

"அவ்வளவு தூரத்தில் இருந்து எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

"காத்து கொண்டு போயி சொல்லும்லா சார்" என்றார் ஸ்தேவான். "வெறும் மீனப் போட்டா இது வராது. ஈரல் எண்ணெ விழுந்தா வரும். மூக்கு இல்லாமலா வருது?"

நான் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அட, பாம்பு பிளந்த நாக்கை நீட்டி வாசனையைத் தொட்டு மேலண்ணத்தில் கொண்டுபோய் வைத்து மோப்பம் பிடிக்கும் என்று அதே வினா-விடையில் வேறு பாடத்தில் நானே எழுதியிருக்கிறேன். உடும்புக்கும் அதே பிளந்த நாக்குதான். இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் எழுதி, ஒரே ஆள் மெய்ப்புப் பார்த்து, ஒன்றையொன்று இடிப்பது கண்ணில் படவில்லை என்றால் அந்த ஆளை என்ன செய்வது? அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. உடும்பு பகலில் திரியும் பிராணி. இரவில் வளைக்குள் கிடக்கும். மிக்கேலம்மாவோ இரவுக் காவல். திருட்டு என்றாலே இரவில்தான் நடக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பகலைப் பற்றி ஒருவரும் யோசிக்கவே இல்லை.

"மத்தியானம் கொட்டகையில் யார் இருப்பா?" என்று கேட்டேன்.

"பன்னெண்டுல இருந்து ரெண்டு வர ஒரு ஈ காக்கா இருக்காது. வெயில்லா? பொம்பளைய சோறு திங்கப் போயிருவாவ. காக்கா வெரட்டுதவங்க முன்னால ஓலைக்கடியில ஒறங்குவாவ. அண்ணாச்சி வீட்டுக்குள்ள ஒறங்குவாரு."

ஒன்பதரைக்குக் கரை ஏறினோம். நேராகப் பொன்னையா அண்ணாச்சியிடம் போனேன். அவருக்குத் தன் மத்தியானத் தூக்கத்தை விட மனசில்லை. "வாத்தியாரே, ஒமக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். நான் விடவில்லை. எடுத்தது அவள்தான் என்று அவ்வளவு நிச்சயம் இருந்தால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதில் என்ன பயம் என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவரைக் குத்தியது. குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

முந்தாநாள் மீன் புதைத்து மூடிய குழி ஒன்று இருந்தது. அதற்குப் பத்தடி தள்ளி, அண்ணாச்சி கண் முன்னாலேயே, மீன் இல்லாமல் வெறும் புதுப் பாயைச் சுருட்டி வைத்து இன்னொரு குழி போட்டோம். இரண்டையும் ஒரே மாதிரி மூடி, விளக்குமாற்றால் பெருக்கினாள், ஸ்தேவான் போய்க் கூட்டிவந்த மிக்கேலம்மா. அடையாள ஓலைகளையும் பிடுங்கிப் போட்டோம். எது எந்தக் குழி என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது. பிறகு காற்று எங்கள் வாடையை எதிர்ப்பக்கம் கொண்டுபோகும்படி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தின் நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணாச்சி அந்தக் கடைசியில், நானும் அவளும் இந்தக் கடைசியில்.

மணி பன்னிரண்டு அடித்ததும் கொட்டகை ஓய்ந்தது. அப்போது மெல்லிய குரலில் அவளிடம் சொன்னேன்: "அந்தப் புத்தகத்தை எழுதினது நான்தான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நேத்து சொல்லலியே?"

"சொல்லலை. தப்புதான்."

"எதப் பாத்து எழுதுனிய?"

"வேற ஒரு புத்தகத்தைப் பார்த்து."

"அத எழுதுனவரு?"

"அதுக்கு முந்தின புத்தகத்தைப் பார்த்திருப்பார்."

"அப்ப உடும்ப ஒருத்தரும் பாக்கல" என்றாள்.

பன்னிரண்டு இருபது. உடைமர நிழலிலிருந்து ஒரு அரணை வெளியே வந்தது. நாக்கால் மணலைத் தொட்டுத் தொட்டு எறும்பு பொறுக்கிக்கொண்டே திட்டின் ஓரம் வந்தது. ஓரிடத்தில் சட்டென்று நின்றது. அங்கே எதுவும் இல்லை, மணல்தான். இரண்டு தடவை நாக்கை நீட்டித் தொட்டது. அவ்வளவுதான், உடம்பைச் சுருட்டித் திரும்பி ஓடி மரத்தடியில் மறைந்துவிட்டது.

"உடும்பு நடந்து போற தடம்" என்று மிக்கேலம்மா முணுமுணுத்தாள். "கச்சான் அழிச்சிட்டு. நமக்குத் தெரியாது, அரணைக்குத் தெரியும். உடும்பு அதப் பிடிச்சுத் தின்னுரும்லா."

பன்னிரண்டு நாற்பது. அதே இடத்தின் வழியாக உடும்பு வந்தது. வாலோடு சேர்த்து ஒரு ஆள் நீளத்துக்குச் சற்றுக் குறைச்சல். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, நாக்கை வெளியே விட்டு இழுத்து, அவசரமே இல்லாமல் நடந்தது. வெறும் பாய் புதைத்த குழியின் மேலேயே ஏறிப் போயிற்று. அங்கே ஒரு நொடி நாக்கு மணலைத் தொட்டது, நிற்கவில்லை. பத்தடி தள்ளி மீன் குழிக்கு வந்ததும் நின்றது. நாக்கு நாலைந்து தடவை போய் வந்தது. பிறகு ஓரமாகச் சாய்த்துத் தோண்ட ஆரம்பித்தது. மணல் பின்னால் பறந்தது. கால் மணி நேரத்தில் தலையும் தோளும் உள்ளே போய்விட்டன. வெளியே வரும்போது வாயில் ஒரு பாரை. அதை அங்கேயே விழுங்கிவிட்டு மறுபடியும் உள்ளே போயிற்று.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். திறந்த வாய் மூடவில்லை. குடை மடியில் சாய்ந்து கிடந்தது.

ஒன்றரை மணிக்கு உடும்பு காட்டுக்குள் போனது. காற்று மணலை அள்ளி அள்ளிப் போட்டுச் சரிவை நிரப்பியது. இரண்டு மணிக்குப் பெண்கள் திரும்பி வந்து, அந்தத் திட்டின் மேலேயே பேசிக்கொண்டு நடந்து போனார்கள். ஒருத்தியும் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

அண்ணாச்சி எழுந்து வேட்டியைத் தட்டினார். மிக்கேலம்மாவின் அருகே வந்தார். யாரும் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி ளா. நடந்தது நடந்துபோச்சு. இன்னைக்கு ராத்திரியே காவலுக்கு வந்துரு. சத்தியம் கித்தியம் ஒண்ணும் வேண்டாம்."

"கூட்டத்துல வச்சுத் திருடின்னு சொன்னிய" என்றாள் அவள். "இல்லேன்னு மட்டும் காதுல சொல்லுதிய."

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுத?"

"ஏலம் போடுத மேட்டுல நின்னு சொல்லுங்க. நேத்து சொன்ன அதே சத்தத்துல."

"என் மரியாதை என்னாவது?" என்றார் பொன்னையா அண்ணாச்சி.

எனக்கு வந்ததே கோபம்! இவர் மரியாதை மட்டும்தான் மரியாதையா? ஆறு வருஷம் பனியிலும் காற்றிலும் இவர் சரக்கைக் காத்தவளுக்கு அது கிடையாதா? கேட்டேன். நறுக்கென்று கேட்டேன். அவர், "அந்த உடும்ப மொதல்ல அடிச்சுப் போடணும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். உடும்புக்குத் தண்டனை கொடுக்க அவருக்கு யாருடைய சத்தியமும் தேவைப்படவில்லை. அன்று மாலையே என் பையை எடுத்துக்கொண்டு ஸ்தேவான் வீட்டுக்கு மாறிவிட்டேன். இன்னொரு வேளை அந்த வீட்டுச் சோற்றை விழுங்க என்னால் முடியாது.

செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை.

காலை எட்டே காலுக்குப் பூசை முடிந்தது. கோயில் வாசலில் ஒருவரும் கலையவில்லை. சத்தியத்தைப் பார்க்கத்தான் நின்றார்கள். பொன்னையா அண்ணாச்சி வரவில்லை. வயிற்றுவலி என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். மிக்கேலம்மா முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியில் நின்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது.

நான் படியேறினேன். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் கத்திப் பழகிய குரல். அதற்கு அன்றைக்குத்தான் ஒரு பிரயோசனம் வந்தது. அண்ணாச்சி வாசித்த புத்தகத்தை எழுதியவன் நான், அந்த வரி தப்பு, பாராமல் எழுதினேன், வெள்ளிக்கிழமை கேட்டபோது வாயை மூடிக்கொண்டேன், நேற்று உடும்பு மண்ணைத் தோண்டி மீனை எடுத்ததை நானும் அண்ணாச்சியும் கண்ணால் பார்த்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். யாரோ ஒரு கிழவர், "இது எங்களுக்குத் தெரியாததா சார்?" என்றார். தெரிந்தால் அன்றைக்கு ஏன் சிரித்தீர் என்று அவரிடம் கேட்டேன்.

கூட்டம் கலைந்தது. பக்கத்துக் கொட்டகைக்காரி போகிற போக்கில், "ஏளா மிக்கேலம்மா, நாளைக்கு எங்ககிட்ட வந்துரு" என்று கூப்பிட்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க சொல்ல வேண்டியத நீங்க சொல்லிட்டிய சார். நல்லாயிருங்க" என்றாள். "அவரு சொல்ல வேண்டியது அப்படியேதான் இருக்கு. அவரு வந்து மேட்டுல நிக்கது வர நான் எந்தக் கொட்டகைக்கும் போவமாட்டேன்."

மத்தியானம் மூன்று பத்துக்குப் பஸ். நட்சத்திர மீன் இரண்டு கிடைத்திருந்தது, ஐந்து கையும் முழுசாக. புறப்படும்போது மிக்கேலம்மா ஒரு பொட்டலம் கொடுத்தாள். தன் வீட்டு முற்றத்தில் புதைத்து எடுத்த குழிக் கருவாடு. பனையோலைப் பாயில் சுருட்டி, மேலே இரண்டு செய்தித்தாள், அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள், எல்லாம் என் துணிப்பையின் அடியில். வெளியே ஒன்றும் தெரியாது.

தூத்துக்குடியில் மாறி, திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி முழுக்கக் கூட்டம். வாகைக்குளம் தாண்டவில்லை, முன் சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பின்னால் ஒருவர் தும்மினார். ஒரு நிமிஷத்தில் பஸ் முழுக்கத் தலைகள் திரும்பின. மூட்டை ஒன்றையும் யாரும் பார்க்கவில்லை, ஆனால் அத்தனை பேரும் என் பக்கமே திரும்பினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, நான் எழுதிய வரியை நினைத்து எரிச்சலும் வந்தது. கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"யாருங்க அது, கருவாடு வச்சிருக்கது?" என்று எல்லாருக்கும் கேட்கும்படிக் கத்தினார்.

நான் எழுந்து நின்று கையைத் தூக்கினேன். "நான்தான்" என்றேன், அதே சத்தத்தில். பொட்டலத்தை வாங்கிப் பஸ் கூரையில் போட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, என் மரியாதையும் எங்கேயும் போய்விடவில்லை. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அங்கே ஒரு மனுஷருக்கு வயிற்றுவலி வந்திருக்கிறது.